சிக்கிள் செல் கார்டு போட்டோ கேக்குறாங்க, ரத்தமும் இன்னொரு தடவ கேக்குறாங்க, குடுக்கலாமா?

தேவாலா_மழை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவ எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க. நான் நீலகிரில பந்தலூர் தாலுகா, ஆதிவாசி. எந்த ஜனம்னு சொல்லல, ஏன்னா எங்க ஆளுங்களே கொஞ்சம் பேரு, அதுல டிகிரி முடிச்சு கோயமுத்தூர்ல வேலை பாக்குற பொண்ணுன்னா விரல் விட்டு எண்ணிடலாம், படிக்கிறவங்க யாராச்சும் அஞ்சு நிமிஷத்துல "அட, இன்னார் பேத்தி" ன்னு கண்டுபிடிச்சிருவாங்க.

விஷயம் மூணு, மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கி கெடக்கு.

எங்க ஊர்ல சிக்கிள் செல், அதாவது ரத்தத்துல சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற பரம்பரை நோய், அதுக்கு கேம்ப் போட்டப்போ எனக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. நான் கேரியர், அதாவது அந்த ஜீன் ஒண்ணு மட்டும் இருக்கு. நோய் இல்ல, ஒரு கஷ்டமும் இல்ல, கார்டு மட்டும் குடுத்தாங்க. இப்ப ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பையன் நல்ல பையன் தான், பேசியிருக்கேன். அவங்க அம்மா "கார்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடு கண்ணு" ங்கிறாங்க. அவங்க வீட்டு குரூப்ல அறுபது பேர் இருக்காங்க. பையன் டெஸ்ட் எடுத்தாரான்னு கேட்டா "அவனுக்கு எதுக்கு, அவன் நல்லா தான இருக்கான்" ங்கிறாங்க. நானும் தான் நல்லா இருக்கேன்!!

ரெண்டாவது. போன மாசம் ஒரு டீம் ஜீப்ல வந்தாங்க, பேர் சொல்ல விரும்பல. இந்த தடவ விரல்ல குத்துறது இல்ல, கையில ஊசி போட்டு டியூப்ல ரத்தம். நாலு பக்கம் ஃபாரம், மொத்தமும் இங்கிலீஷ். குடுத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கம்பளி. எங்க பாட்டி கைநாட்டு வச்சிருச்சு. ஞாயித்துக்கிழமை நான் போனப்போ பாட்டி "சுகர் ரிசல்ட் எப்ப வரும்" னு கேக்குது. ஃபாரத்தோட காப்பி யார்கிட்டயும் இல்ல, பக்கத்து வீட்டு தம்பி ஒரு பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து வச்சிருந்தான். அதுல சுகர்னு எங்கயும் இல்ல. மரபணு ஆராய்ச்சி, மாதிரிய பாதுகாத்து வச்சு பின்னாடி வேற ஆராய்ச்சிக்கும் எடுத்துக்கலாம், வேற நிறுவனங்களோடயும் பகிரலாம், இவ்ளோ தான் எனக்கு புரிஞ்சது. மறுபடி வருவாங்களாம், விட்டுப்போனவங்க கிட்ட எடுக்க. அப்பா "ரத்தம் குடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்" ங்கிறாரு.

மூணாவது எங்க சித்தப்பா பையன். பெங்களூர்ல இருக்கான், ஆன்லைன்ல டிஎன்ஏ டெஸ்ட் கிட் வாங்கி எச்சி துப்பி அனுப்பிச்சு ரிப்போர்ட் வாங்கிட்டான். இப்ப அந்த ஃபைல ஏதோ ஃப்ரீ சைட்ல ஏத்தி சொந்தக்காரங்கள தேடப்போறானாம். அவன் எச்சி, அவன் இஷ்டம், நான் என்ன சொல்ல முடியும்னு தோணுது, ஆனா வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருக்கு. நான் ஓவரா யோசிக்கிறேனா?

நாடுகாணி_அப்பா:

தங்கச்சி, மத்தது எனக்கு தெரியாது, முதல் விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். என் மகளுக்கு பதினோரு வயசு, சிக்கிள் செல் நோயே இருக்கு. நானும் என் வீட்டுக்காரியும் கேரியர், கல்யாணம் பண்ணப்போ ரெண்டு பேருக்கும் தெரியாது, கார்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. மழ காலம் வந்தா எங்களுக்கு பயம், குளிர் ஏறினா கை கால் எலும்பெல்லாம் வலின்னு கத்துவா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஜீப் புடிச்சு ஓடியிருக்கோம். ஹைட்ராக்சியூரியான்னு மருந்து ஆரம்பிச்ச பிறகு கொஞ்சம் பரவால்ல. ஸ்கூல்ல இருந்து ஊட்டிக்கு டூர் போனாங்க, நான் அனுப்பல, ஒரு வாரம் என் கூட பேசல அவ.

அதனால மறைக்காதீங்க. ஆனா அந்த குரூப்ல போடவும் போடாதீங்க. பையன் கிட்ட நேர்ல சொல்லுங்க, அவனையும் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க. அவன் எடுக்க மாட்டேன்னா அப்புறம் அந்த வீட்ட பத்தி நீங்க தான் யோசிக்கணும்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் மூடி மறைச்சாலும் நஷ்டம் நமக்கு தான். 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல சிக்கிள் செல் நோயும் இருக்கு, என் மகளுக்கு சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சப்போ பேப்பர காட்டாம ஒரு வேலையும் நடக்கல. கேரியருக்கு அது கிடையாது, நோய் உள்ளவங்களுக்கு தான்.

குன்னூர்_லேப்_அக்கா:

கண்ணு நீங்க ஓவரா யோசிக்கலைங்க. நான் லேபுல பதினெட்டு வருஷமா இருக்கேன்.

முதல்ல கணக்கு சொல்றேன், இத பையனோட அம்மாவுக்கும் புரியிற மாதிரி சொல்லிருங்க. ஒருத்தர் மட்டும் கேரியர், இன்னொருத்தர் நார்மல்னா குழந்தைக்கு இந்த நோய் வராதுங்க, கேரியரா பொறக்க பாதிக்கு பாதி சான்ஸ். ரெண்டு பேரும் கேரியர்னா ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்கு நோய், ரெண்டு பங்கு கேரியர், ஒரு பங்கு நார்மல். ஒவ்வொரு தடவையும்ங்க. முதல் குழந்தைக்கு வந்துருச்சு இனி மூணுக்கு வராதுன்னு ஒரு பாட்டி என் கிட்ட சண்டையே போட்டாங்க. அதனால உங்க ஒரு கார்ட வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, பையன் ரிசல்ட் இல்லாம அது பாதி கணக்கு தான்.

ரெண்டாவது, கேம்புல பாக்குற சாலிபிலிட்டி டெஸ்ட் பாசிடிவ்னா கேரியராவும் இருக்கலாம் நோயாவும் இருக்கலாம், பிரிச்சு சொல்லாது. ஹீமோகுளோபின வகை பிரிச்சு பாக்குற டெஸ்ட், எச்பிஎல்சி இல்லைன்னா எலக்ட்ரோபோரசிஸ், பண்ணா தான் தெரியும். உங்க கார்டுல எந்த டெஸ்ட் வச்சு கேரியர்னு போட்டாங்கன்னு பாருங்க. மாப்பிள்ளைக்கும் அதுவே கேளுங்க.

அப்புறம் இத ஏதோ குறை மாதிரி பேசுறாங்களே, அது தான் எனக்கு எரிச்சல். அந்த காலத்துல கூடலூர் வயநாடு பக்கம் மலேரியா காடுங்க, வெளியூர்க்காரன் வந்தா காய்ச்சல்ல போயிருவான். சிக்கிள் ஜீன் ஒண்ணு மட்டும் இருந்தா மோசமான மலேரியாவுல இருந்து ஒரு பாதுகாப்பு, 1954லயே அலிசன்னு ஒருத்தர் ஆப்பிரிக்காவுல காட்டிட்டாரு. உங்க முன்னோருங்க அந்த காட்டுல பொழச்சு கெடந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியாவுல இது இருக்குன்னு முதல்ல வெளிய தெரிஞ்சதே நம்ம நீலகிரி ஆதிவாசிங்க ரத்தத்த வச்சு தான், 1952ல. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ரத்தம் எடுத்துட்டே இருக்காங்க. பெரிய அளவுல தேசிய மிஷன்னு வந்தது 2023 ஜூலைல தான், 40 வயசுக்கு உட்பட்ட 7 கோடி பேருக்கு டெஸ்ட், 2047க்குள்ள ஒழிக்கணும்னு. அது நல்லது, அதுக்கு குடுங்க. ஜீப்ல வந்தவங்க அந்த மிஷனா வேற ஆராய்ச்சியான்னு முதல்ல கேளுங்க, ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்காதீங்க.

ஹட்டி_பையன்:

கோத்தகிரி பக்கம் நான், இப்ப பெங்களூர். நானும் அந்த கிட் வாங்கின முட்டாள் தான் சிஸ்டர், படுகர் எங்கிருந்து வந்தோம்னு எங்க ஹட்டில (எங்க ஊர அப்படி தான் சொல்வோம்) முடியாத சண்டை, நான் தீத்து வைக்கலாம்னு கிளம்பினேன். பணம் கட்டி எனக்கு வந்த பதில் "தென்னிந்தியா, இலங்கை". எங்க தாத்தா ஓசிலயே சொல்லிருப்பாரு.

உங்க சித்தப்பா பையன் மேட்டர். அவன் எச்சி அவன் இஷ்டம்ங்கிறது முழுசா உண்மை இல்ல. சித்தப்பா பிள்ளைங்களுக்குள்ள சராசரியா 12.5 சதவீதம் டிஎன்ஏ ஒண்ணு தான், பாட்டிக்கும் பேத்திக்கும் 25, கூடப்பொறந்தவங்களுக்கு 50 கிட்ட. அவன் ஏத்துறப்போ உங்க பாட்டியோட கால் பங்கும் சேர்ந்து ஏறுது, பாட்டி கைநாட்டு கூட வைக்கல.

நெஜமா நடந்தத சொல்றேன். 2018ல கலிபோர்னியாவுல எழுபது எண்பதுகள்ல கொலை பண்ண ஒருத்தன புடிச்சாங்க. அவன் எந்த சைட்லயும் எதையும் ஏத்தல. யாரோ தூரத்து சொந்தக்காரங்க ஜிஇடிமேட்ச்னு ஒரு ஃப்ரீ சைட்ல ஏத்தியிருந்தாங்க, போலீஸ் அதுல இருந்து குடும்ப மரம் வரைஞ்சு அவன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. கொலைகாரன் மாட்டினது சந்தோஷம் தான், ஆனா மூணு தலைமுறை தள்ளி உள்ள சொந்தத்த வச்சே ஆள புடிக்க முடியும்னா, நம்ம மாதிரி சுத்தி சுத்தி உள்ளயே கல்யாணம் பண்ற சின்ன ஜனத்துல ரெண்டு பேர் ஏத்தினாலே ஊரே தெரிஞ்ச மாதிரி தான்.

அப்புறம் 23அண்ட்மி, எச்சி வாங்கி டிஎன்ஏ ரிப்போர்ட் குடுக்குற அமெரிக்க கம்பெனி. அங்க தகவல் திருட்டு போனது 2023 அக்டோபர்ல வெளிய வந்தது. பழைய பாஸ்வேர்ட வச்சு நேரா உள்ள பூந்தது சுமார் 14,000 அக்கவுண்ட் தான், ஆனா "சொந்தக்காரங்கள கண்டுபிடி" ங்கிற வசதி வழியா 69 லட்சம் பேர் தகவல் போச்சு. அதுல யூதர்கள், சீனர்கள்னு பிரிச்சு லிஸ்ட் போட்டு விக்க வச்சாங்க. 2025 மார்ச்ல கம்பெனி திவால் மனு போட்டுது, கடைசில அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட லாபநோக்கில்லாத அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்குச்சு. கடை மாறினா சரக்கும் மாறும்ல, அந்த சரக்கு நம்ம எச்சி. பாஸ்வேர்ட் போச்சுன்னா மாத்திக்கலாம், இத எங்க போய் மாத்துறது.

அவன் கிட்ட சண்டை போடாதீங்க, இத மட்டும் அனுப்புங்க. நான் என் அக்கவுண்ட டிலீட் பண்ணி மாதிரியையும் அழிக்க சொல்லி மெயில் போட்டேன். அழிச்சோம்னு பதில் வந்துச்சு. நம்பிக்கை தான், வேற என்ன.

மலைக்காரன்77:

எல்லாரும் பயமுறுத்துறீங்களே. ஆராய்ச்சியே வேணாமா? 2023 கடைசில சிக்கிள் செல்லுக்கு காஸ்ஜெவின்னு ஜீன் எடிட்டிங் சிகிச்சை முதல்ல இங்கிலாந்துலயும் அடுத்து அமெரிக்காவுலயும் அனுமதி வாங்குச்சு. அதுல வெட்டுற இடம் பிசிஎல்11ஏ, அந்த ஜீன இந்த நோயோட சம்பந்தப்படுத்தி கண்டுபிடிச்சதே 2007-08ல ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்க டிஎன்ஏ குடுத்ததால தான், சார்டினியான்னு ஒரு தீவுக்காரங்க உட்பட. அவங்களும் "எதுக்குடா எங்க ரத்தம்" னு கதவ சாத்தியிருந்தா? ஜீனோம் இந்தியான்னு மத்திய அரசு திட்டத்துல 83 ஜனக்குழுவுல இருந்து 10,000 பேரோட ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ, எடுத்து 2025 ஜனவரில ஆராய்ச்சிக்கு திறந்து விட்டாங்க. நம்ம மலை ஜனம் எதுலயும் இல்லன்னா நாளைக்கு மருந்து வேற எவனோ ஒருத்தன் உடம்புக்கு தான் செய்வான். நான் டான்டீ, அதாவது அரசு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுல வளந்தவன், எங்களையும் எவனும் எந்த கணக்குலயும் சேக்கல, சேக்கலைன்னா என்ன ஆகும்னு எங்களுக்கு தெரியும்.

நாடுகாணி_அப்பா:

தம்பி அந்த சிகிச்சை அமெரிக்காவுல 22 லட்சம் டாலர். நம்ம காசுல எவ்ளோன்னு ஒரு நாள் கணக்கு போட்டுட்டு போன கீழ வச்சிட்டேன். குடுக்க வேணாம்னு நான் சொல்லல, மகளுக்காக என் ரத்தத்த எத்தன டியூப் வேணா குடுப்பேன். என்ன கேட்டு வாங்குங்கன்னு தான் சொல்றேன். கம்பளிய காட்டி வாங்காதீங்க.

மலைக்காரன்77:

அது சரிண்ணே. கம்பளி விஷயம் எனக்கும் புடிக்கல.

ஊட்டி_கறுப்புக்கோட்டு:

கோர்ட் லீவு, அதனால விரிவா எழுதுறேன்.

நீங்க முதல் பாராவுல உங்க ஜனத்தோட பேர மறைச்சீங்க பாருங்க, அது தான் கேஸே. ஃபாரத்துல "பேரை எடுத்துட்டு தான் பயன்படுத்துவோம்" னு எழுதியிருப்பாங்க. சென்னைல ஒரு கோடி பேர்ல ஒருத்தருக்கு அது சரி. தோடர் மொத்தமே ரெண்டாயிரம் பேர் கிட்ட, அதுல ஊரு, வயசு, ஆணா பொண்ணான்னு போட்டா பேர் எதுக்கு? தமிழ்நாட்டுல அரசு பட்டியல்ல இருக்குற ஆறு மிகவும் நலிவடைந்த பழங்குடிகளும் நீலகிரில தான் இருக்காங்க, எல்லாருக்கும் இதே நெலமை.

சட்டம் என்ன சொல்லுது. 2017ல புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட ஒன்பது நீதிபதிங்க அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க, அது அடித்தளம். 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம், அதோட விதிகள் 2025 நவம்பர்ல தான் வந்துச்சு, முக்கியமான கடமைகள் 18 மாசம் கழிச்சு அமலாகும். இதுல மரபணுவுக்குன்னு தனி இடம் இல்ல, உங்க போன் நம்பரும் உங்க டிஎன்ஏவும் ஒரே தட்டுல. 2011 ஐடி விதிகள்லயாச்சும் மருத்துவ ஆவணம் "உணர்திறன் மிக்க தகவல்" னு தனியா இருந்துச்சு. எச்ஐவிக்கு 2017ல தனி சட்டம் போட்டு, சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னு எழுதினாங்க, ஜீனுக்கு அப்படி ஒண்ணு இன்னும் இல்ல. போலீசுக்கான டிஎன்ஏ மசோதாவும் 2023ல வாபஸ் ஆயிருச்சு.

இன்னொரு வேடிக்கை. இந்த தரவு பாதுகாப்பு சட்டப்படி சம்மதம் கேக்குறப்போ இங்கிலீஷ்லயோ அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணைல உள்ள 22 மொழில ஒண்ணுலயோ படிக்க வசதி இருக்கணும். தமிழ் இருக்கு. உங்க பாட்டி வீட்டுல பேசுற பாஷை அதுல இல்ல. அதுக்கு மேல ஆராய்ச்சிக்குன்னு ஒரு விலக்கும் குடுத்திருக்காங்க, தனி ஆள பத்தி முடிவெடுக்க பயன்படுத்தலைன்னா பெரும்பாலான விதிகள் பொருந்தாது. மாப்பிள்ளையோட அம்மா வாட்ஸ்அப்ல போடுறது சொந்த வீட்டு விஷயம், அதுக்கும் இந்த சட்டம் பொருந்தாது. அங்க உங்க வாய் தான் உங்களுக்கு சட்டம்.

ஆனா ஆராய்ச்சி டீம புடிக்க வேற பிடி இருக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை. பழங்குடி மக்கள் கிட்ட ஆராய்ச்சின்னா அதுல அவங்களுக்கு பலன் இருக்கணும், நிர்வாகத்தோட அனுமதி வேணும், ஊர் பெரியவங்களையும் அந்த பாஷை தெரிஞ்சவங்களையும் வச்சு தான் சம்மதம் வாங்கணும். கைநாட்டுன்னா நடுநிலையான சாட்சி ஒருத்தர் பக்கத்துல இருந்து கையெழுத்து போட்டிருக்கணும். தகவல் தாள் காப்பி உங்க கைக்கு வரணும், அதுல எத்திக்ஸ் கமிட்டி நம்பர் இருக்கணும். எப்ப வேணா விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல. பாட்டி சுகர் டெஸ்ட்னு நெனச்சு கைநாட்டு வச்சிருந்தா அது சம்மதமே இல்ல.

ஒரு கதை சொல்றேன், கதை இல்ல நடந்தது. அமெரிக்காவுல கிராண்ட் கேன்யன் அடியில ஹவாசுபாய்னு ஒரு சின்ன பழங்குடி, அவங்ககிட்ட 1990ல இருந்து ரத்தம் எடுத்தது அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆளுங்க. அவங்க குடுத்தது சுகருக்குன்னு நெனச்சு, ஆமா சுகருக்கு தான். பின்னாடி அதையே மனநோய், நெருங்கின சொந்தத்துல கல்யாணம், இவங்க எங்கிருந்து வந்தாங்கன்னு எல்லாத்துக்கும் எடுத்துக்கிட்டாங்க. 2003ல அந்த ஜனத்து பொண்ணு ஒருத்தங்க யூனிவர்சிட்டில ஒரு ஆய்வு விளக்கத்துக்கு போய் உக்காந்தாங்க, அங்க தான் விஷயம் தெரிஞ்சது, எழுந்து கேள்வி கேட்டாங்க. 2010ல சமரசம், 41 பேருக்கு 7 லட்சம் டாலர். மிச்ச ரத்தத்தையும் திருப்பி வாங்கிட்டு போனாங்க.

இன்ஷூரன்ஸ் பத்தி நீங்க கேக்கல, ஆனாலும். மரபணு நோய்னு சொல்லி ஹெல்த் கிளெய்ம தள்ளுனது தப்புன்னு 2018ல டெல்லி ஹைகோர்ட் சொல்லுச்சு, அடுத்த மாசமே அப்படி தள்ளக்கூடாதுன்னு இன்ஷூரன்ஸ கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ கம்பெனிங்களுக்கு உத்தரவு போட்டுது. அது உத்தரவு தான், சட்டம் இல்ல. அமெரிக்காவுல 2008ல இருந்து தனி சட்டமே இருக்கு, அதுலயும் லைஃப் இன்ஷூரன்ஸ் சேராது.

குன்னூர்_லேப்_அக்கா:

வக்கீல் சார் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கோங்க, பாட்டிக்கு சுகர் டெஸ்ட மறந்துறாதீங்க. அவங்க கேட்டது அது ஒண்ணு தான்.

தேவாலா_மழை:

மூணு வாரம் ஆச்சு, பதில் போடாததுக்கு சாரி. எல்லாருக்கும் நன்றி, நாடுகாணி அண்ணா உங்க மகளுக்கு என் அன்பு சொல்லுங்க.

பையன் கிட்ட நேர்ல சொன்னேன், டீக்கடைல உக்காந்து லேப் அக்கா சொன்ன கணக்க ஒரு பில்லு பின்னாடி நாலு கட்டம் போட்டு காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "எனக்கும் அதுவா இருந்தா?" ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. டெஸ்டுக்கு குடுத்திருக்காரு, எச்பிஎல்சி தான் வேணும்னு கேட்டு. அவங்க அம்மா கிட்ட போட்டோ அனுப்பல, அவங்களுக்கு கோவம்.

சித்தப்பா பையன் ஹட்டி அண்ணன் எழுதினத படிச்சிட்டு "சும்மா இருடி" ன்னு ஒரு சிரிப்பு ஸ்மைலி போட்டான். ரெண்டு நாள் கழிச்சு ஏத்தலைன்னு மெசேஜ். நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியல.

டீம் திரும்ப வந்தாங்க. நான் லீவு போட்டு போயிருந்தேன். தகவல் தாள் குடுங்க, எங்க பாஷைல சொல்லுங்க, சாட்சி யாருன்னு கேட்டேன். வந்த பொண்ணு என் வயசு தான், அது பாவம், "எங்களுக்கு இவ்ளோ தான் சொல்லி அனுப்பினாங்க அக்கா" ங்குது. போன்ல யார்கிட்டயோ பேசுச்சு. அன்னைக்கு எடுக்காம போயிட்டாங்க, அடுத்த தடவ பேப்பரோட வரோம்னு. அப்பா "வந்தவங்கள திருப்பி அனுப்பிட்டியே" ன்னு ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தாரு. ஊர்ல ரெண்டு மூணு பேருக்கு கம்பளி போச்சேன்னு என் மேல வருத்தம், மழை வேற புடிச்சிருச்சு.

பாட்டி கிட்ட உன் ரத்தத்த திருப்பி கேக்கலாமான்னு கேட்டேன். "குடுத்தத எதுக்கு கேக்குற, ரிசல்ட்ட கேளு" ன்னுச்சு. சனிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டு போனேன். வெறும் வயித்துல சுகர் 212. மாத்திரை ஆரம்பிச்சாச்சு.